சட்ரஸ் கதவுக்கு ஒரு ஆவன்னா

கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கும் ஆண்டிக்கட்டளை சட்ரஸில் முப்பத்தோரு வருடம் லஸ்கர் வேலை பார்த்த சவரிராஜுக்கு, தான் சவரிராஜ்தான் என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டிய தேவை வந்ததே இல்லை. வந்தபோது மனிதர் நொந்து போனார்.

சட்ரஸ் என்பது ஆற்றுத் தண்ணீரைப் பிரித்துவிடும் கதவணை. ஆண்டிக்கட்டளையில் இரண்டு இரும்புக் கதவுகள். வடக்குக் கதவைத் தூக்கினால் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் போகும். கிழக்குக் கதவைத் தூக்கினால் பதினாலு கிலோமீட்டர் ஓடி, உப்புக்காற்று அடிக்கும் கடைமடைக்குப் போகும். அதிகாரிகள் சொல்லும் நாளில், சொல்லும் அளவுக்கு அவற்றை ஏற்றி இறக்குவதுதான் லஸ்கரின் வேலை.

அவர் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் ஏஜெண்டைப் பிடித்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். சவரிராஜும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். அது வந்த வாரமே இந்த வேலைக்கான உத்தரவும் வந்ததால் பாஸ்போர்ட் பீரோவுக்குள் போனது. வெளிநாட்டுக்குப் பிறகு போனது அவர் மகன் ஆல்பின்தான், தோஹாவுக்கு. முதலில் சட்ரஸுக்கு மூன்று லஸ்கர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் காலமானார், அந்த இடங்களுக்கு ஆள் போடவில்லை. மூன்று பேர் வேலையும் சவரிராஜ் தலையில் விழுந்தது.

இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் கதவைத் தூக்கும்போது கைச்சக்கரம் வழுக்கித் திரும்பி அடித்ததில் அவருடைய வலது ஆள்காட்டி விரலின் மேல்கணு நசுங்கிப் போனது. ஆறிய பிறகும் விரல் மடங்கவில்லை. சாப்பிடும்போதுகூட அது மட்டும் நீட்டிக்கொண்டே இருக்கும். "யாரைச் சுட்டிக் காட்டுறீங்க?" என்று மனைவி அருள்செல்வி கேலி செய்வார்.

கொரோனா ஓய்ந்த மறுவருடம் கதவுகளுக்கு மோட்டார் வந்தது. இனி சக்கரம் சுற்ற வேண்டாம் என்று சவரிராஜ் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு மத்தியானம்கூட நிற்கவில்லை. மோட்டாரோடு ஒரு பெட்டியும் வந்தது. கரையோரம் இருந்த தகரக் கொட்டகைக்குள் அதைச் சுவரில் பொருத்தினார்கள். சின்ன டிவி மாதிரி கண்ணாடித் திரை. அதைத் தொட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டுமாம்.

விளக்கம் சொல்ல வந்தவர் உதவிப் பொறியாளர் மாளவிகா. வயது இருபத்தேழு இருக்கும். தாத்தா காலத்தில் திருவாரூர்ப் பக்கம் நிறைய நிலம் இருந்த குடும்பம். இப்போது அப்பா சென்னையில், அண்ணன் அமெரிக்காவில். இவர் மட்டும் தேர்வு எழுதி இந்தப் பக்கமே வேலைக்கு வந்திருந்தார்.

"போன வருஷம் வேற ஒரு சட்ரஸ்ல சாவியைத் திருடி யாரோ ராத்திரியோட ராத்திரியா கதவைத் தூக்கிட்டாங்க. ரெண்டு ஊருக்கும் அடிதடி. அதனாலதான் இந்த ஏற்பாடு" என்றார் அவர். "மூணு படி இருக்கு, சவரிராஜ். முதல்ல உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஆறு இலக்க நம்பர். ரெண்டாவது, உங்க போனுக்கு மெசேஜ்ல வர்ற கோடு நம்பர். மூணாவது, நீங்க விரலால திரையில ஒரு வடிவம் வரையணும். மூணும் பொருந்தினாத்தான் நீங்கதான் வந்திருக்கீங்கன்னு பெட்டி நம்பும்."

"நம்பலேன்னா?"

"கதவு ஏறாது. அஞ்சு தடவை தப்பாப் போனா பதினஞ்சு நிமிஷம் பூட்டிக்கும்."

"அப்ப கையால சுத்திக்கிறேன்."

"சக்கரத்தை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறோமே" என்றார் மாளவிகா, கொஞ்சம் தயங்கி. "அது இங்க இருந்தா இந்தப் பெட்டி எதுக்கு?"

வடிவம் என்றதும் சவரிராஜ் திரையில் ஒரு சிலுவை வரைந்தார். மாளவிகா தலையை ஆட்டினார். சிலுவை ரொம்ப எளிது, யாரும் ஊகித்துவிடுவார்கள், வளைவு ஒன்றாவது இருக்க வேண்டும் என்றார். சவரிராஜ் யோசித்துப் பார்த்துவிட்டு மகன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். ஆவன்னா. வளைவும் இருந்தது, சுழியும் இருந்தது. பெட்டி ஏற்றுக்கொண்டது. அதுதான் அது அவருக்குக் கடைசியாகக் காட்டிய தயவு.

மறுநாள் காலையில் தொடங்கியது பாடு. கொட்டகைக்குள் போனுக்கு டவர் கிடைக்காது. அறுபதடி தள்ளி, கரைமேல் இருக்கும் மதகுக் கட்டையில் ஏறி நின்றால்தான் கோடு வரும். வந்த கோடு இரண்டு நிமிடத்தில் செத்துப் போகும். ஐம்பத்தாறு வயதில் சவரிராஜ் கட்டைமேல் ஏறி, நம்பரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, சேற்றுக் காலோடு கொட்டகைக்கு ஓடி வந்து குத்துவார். அது சரியானால் ஆவன்னா. மடங்காத விரல் கண்ணாடியில் நேராக நின்று சறுக்கும். வியர்வை பட்டால் வரைகிற கோடு அறுந்து போகும். சுழிக்குப் பதில் ஒரு கோணல் விழும். 'பொருந்தவில்லை' என்று சிவப்பு எழுத்தில் வரும்.

"பொருந்தலையாம்! உன்னைவிட முப்பது வருஷம் முன்னாடியே இங்க நான் இருக்கேன்டா" என்று அவர் பெட்டியைப் பார்த்துக் கத்துவது கரை வரைக்கும் கேட்கும்.

கேட்டால் ஆட்கள் வராமல் இருப்பார்களா? மாடு ஓட்டி வந்தவர், உர மூட்டை ஏற்றி வந்தவர், குளிக்க வந்தவர் எல்லாரும் ஜன்னல் ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். "அண்ணே, சுழியைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுங்க." "மாமா, மெதுவா, மெதுவா. அவசரப்பட்டா வராது." "நடுவிரலால போட்டுப் பாருங்களேன்." ஒரு மாதத்தில், அந்தச் சட்ரஸைத் திறக்கும் ரகசிய வடிவம் ஆவன்னா என்பது சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

சவரிராஜ் மாளவிகாவிடம் இதைச் சொன்னார். "யாரும் பாக்கக் கூடாதுங்க, சவரிராஜ். ஜன்னலைச் சாத்திட்டுப் போடுங்க."

"தகரக் கொட்டகைங்க மேடம். ஜன்னலைச் சாத்தினா உள்ள நான் வெந்துருவேன்."

ஆறு இலக்க நம்பரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னது பெட்டி. பழைய நம்பரைத் திரும்பப் போட்டால் திட்டியது. பிறந்த தேதி, கல்யாண நாள், ஆல்பின் பிறந்த நாள் எல்லாம் தீர்ந்தபின் அவர் வாயில் வந்ததைப் போட்டார். மறந்துபோகாமல் இருக்கக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதியும் வைத்தார். போனுக்கும் ஒரு பூட்டு இருந்தது. கட்டையிலிருந்து ஓடி வரும் அவசரத்தில் அதை வேறு திறக்க முடியாமல், ஒருநாள் வீடியோ காலில் ஆல்பினைக் கூப்பிட்டு அதை எடுக்க வழி கேட்டார்.

"அப்பா, போன் லாக்கை எடுக்கக் கூடாதுப்பா" என்றான் மகன்.

"நீ தோஹாவுல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லுவ. இங்க வந்து கட்டை மேல நின்னு பாரு. எப்படி எடுக்கறதுன்னு சொல்லு."

சொல்லித் தொலைத்தான்.

கொட்டகையில் இருந்த ஒரே பிளக்கையும் பெட்டி பிடித்துக்கொண்டதால் போனைச் சார்ஜ் போட இடமில்லை. கரைக்கு அந்தப் பக்கம் அம்சத்தின் டீக்கடை இருந்தது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது போனை அங்கே சார்ஜில் போட்டுவிட்டு, கொட்டகைச் சாவியையும் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். சைக்கிள் மிதிக்கும்போது சாவி தொடையில் குத்தும் என்பதற்காக. அம்சத்தின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். கடையோடு வடக்கு வாய்க்காலில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரும் செய்துகொண்டிருந்தாள் அம்சம். காலையில் கொட்டகைக்கே டீ கொண்டுவந்து கொடுப்பவளும் அவள்தான்.

அந்த வருடம் குறுவைக்குத் தண்ணீர் குறைவு. ஐந்து நாள் வடக்கு, ஐந்து நாள் கிழக்கு என்று முறை வைத்து விட்டார்கள். கிழக்கு முறையின் மூன்றாம் நாள் மாலை, கடைமடையிலிருந்து நெய்னா முகம்மது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே நாலு பேர். நெய்னா முகம்மது கடைமடை விவசாயிகளுக்கு முன்னால் நிற்பவர். சத்தம் போடமாட்டார். அன்றைக்குப் போட்டார்.

"சவரிராசு, எங்க முறையில வடக்கால தண்ணியைத் திருப்பி விட்டிருக்கியே, இது நியாயமா? மத்தியானத்துக்கு மேல எங்க வாய்க்கால் அரையடி எறங்கிப்போச்சு."

"நான் எங்க பாய் திருப்பினேன்? காலையில தூக்கினது கிழக்குக் கதவு. இன்னமும் அப்படியேதான் இருக்கு, பாருங்க."

கதவு அப்படியேதான் இருந்தது. ஆனால் வடக்கு வாய்க்காலின் கரையில், தண்ணீர் ஏறி வடிந்த ஈரக்கோடு தெரிந்தது. சவரிராஜ் இறங்கிப் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் மாளவிகாவின் போன் வந்தது. இரண்டே காலுக்கு வடக்குக் கதவு திறந்து, இரண்டு ஐம்பத்தைந்துக்கு மூடியிருக்கிறது. திறந்தவர் லஸ்கர் சவரிராஜ் என்று பெட்டி தகவல் அனுப்பியிருக்கிறது. வெளியூர் மீட்டிங்கில் இருந்ததால் இப்போதுதான் பார்த்தாராம். நாளைக் காலை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

அந்த இரண்டே காலுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அதற்குச் சாட்சி அருள்செல்வி மட்டும்தான். "குறட்டை விட்டீங்கன்னு நான் வந்து எழுதிக் குடுக்கறேன்" என்று அவர் சொன்னதில் ஆறுதல் இருந்தது. அலுவலகத்தில் அது செல்லாது.

முப்பத்தோரு வருடத்தில் மேல்மடைக்காரர்கள் மிரட்டியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், ஆட்டுக்கறி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முறை மாற்றி அவர் கதவைத் தொட்டதில்லை. இப்போது ஒரு இரும்புப் பெட்டி அவர் தொட்டதாகச் சொல்கிறது. மறுநாள் போகும் வழியெல்லாம் சைக்கிளில் தனியாகப் பேசிக்கொண்டே போனார்.

அலுவலகத்தில் நெய்னா முகம்மது முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மாளவிகா கணினியைத் திருப்பி வைத்தார்.

"நான் உங்களைச் சந்தேகப்படணும்னு கூப்பிடலை, சவரிராஜ். ஆனா பதிவு இப்படி இருக்கு. நம்பர் சரி. போன் கோடு சரி. வடிவம் முதல் தடவையே பொருந்தியிருக்கு. உங்க விளக்கத்தை எழுத்துல..."

"இருங்க மேடம். என்ன சொன்னீங்க?"

"விளக்கம் எழுதித் தரணும்."

"அதுக்கு முன்னாடி. எத்தனாவது தடவை பொருந்திச்சு?"

"முதல் தடவை."

சவரிராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முதத் தடவையா? ஏங்க மேடம், அந்தப் பெட்டி என்னிக்காவது என்னை முதத் தடவை உள்ள விட்டிருக்கா? பதினோரு மாசமா நாலு தடவை அஞ்சு தடவைன்னு அதுகிட்ட அசிங்கப்பட்டுக்கிட்டு நிக்கிறேன். ஊரே சிரிக்குது. ஒரு நாள் ஒரே ஒரு நாள் முதத் தடவை ஏத்துக்கிச்சுன்னா மாதாகோயிலுக்கு நடந்தே போறேன்னு வேண்டிக்கிட்டவன் நான்! நீங்களே அதுல பாருங்க!"

மாளவிகா பார்த்தார். பக்கம் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். மூன்று முறை, நான்கு முறை, ஐந்து முறை, பூட்டிக்கொண்டது, நான்கு முறை. பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட மூன்றுக்குக் குறையவில்லை. நெய்னா முகம்மதுவும் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"வரைஞ்ச கோடும் சேமிப்புல இருக்கும்" என்று மாளவிகா இரண்டைப் பக்கம் பக்கமாகத் திறந்தார். ஒன்று சவரிராஜுடையது. நடுக்கத்தோடு, ஓரிடத்தில் அறுந்து, சுழி இருக்க வேண்டிய இடத்தில் முடிச்சு மாதிரி ஒன்று. மற்றது வழவழவென்று ஓடியிருந்தது. கடைசிச் சுழி மட்டும் கீழே இறங்கி வால் போல நீண்டிருந்தது.

"இது உங்க கை இல்லை. தெளிவாத் தெரியுது" என்றார் மாளவிகா. தனக்குத்தானே சொல்வது போல, "பெட்டி வடிவத்தை மட்டும்தான் பார்த்திருக்கு. கை யாரோடதுன்னு பாக்கலை. அதையும் பாக்க வெச்சிருக்கணும், நான் கேட்டேன், செலவுன்னாங்க" என்றார். பிறகு நிமிர்ந்தார். "யார் கை இது? உங்களுக்குத் தெரியுதா?"

சவரிராஜுக்குத் தெரிந்தது. அந்த வாலை அவர் தினமும் காலையில் பார்ப்பவர். அம்சம் கடை வாசலில் கரும்பலகை வைத்து 'ஆப்பம்' என்று எழுதுவாள். ஆவன்னாவின் வால் பலகையின் விளிம்பு வரை தொங்கும்.

"தெரியலைங்க" என்றார்.

சொன்ன உடனேயே அவருக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது. சொல்லிவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் போலீஸ், கேஸ் என்று அவளை இழுத்தடிப்பதை நினைத்தபோது வாய் அதுவாகவே அப்படிச் சொல்லிவிட்டது. போனையும் சாவியையும் கவனக்குறைவாக வெளியே வைத்துவிட்டேன், ரகசிய எண்ணைக் கதவில் எழுதியதும் என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணிப்பதிவேட்டில் அவருக்கு முதல் எச்சரிக்கை ஏறியது. கிழக்கு முறைக்கு ஒரு நாள் கூட்டிக் கொடுத்தார் மாளவிகா.

நேராக டீக்கடைக்குப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஏன் அம்சம் இப்படிப் பண்ணின?"

அம்சம் மறைக்கவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நாத்தங்கால் வெடிச்சுப்போச்சுண்ணே. நான் வெச்சிருக்கிறது மேட்டுக் கொல்லை. முறை விட்டு அஞ்சாம் நாள் தண்ணி நெறைஞ்சாத்தான் ஏறும். இந்தத் தடவை ஏறவே இல்ல. அடுத்த முறை வர்றதுக்குள்ள நாத்து செத்துரும். விதையை மறுபடி யாரு குடுப்பா?"

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா தொறந்திருப்பீங்களா?"

திறந்திருக்கமாட்டார். அது இருவருக்கும் தெரியும்.

"எம் பேருல தொறந்திருக்க. எம் பேருல! முப்பத்தோரு வருஷமா ஒரு சொட்டு..." அவர் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினார். "நீ டீ குடுக்க வர்றப்பக் கதவுல நம்பரைப் பாத்த. போன் உன் கடையில. சாவி உன் ஆணியில. ஆவன்னா ஊருக்கே தெரியும். உன்னைச் சொல்லி என்ன பண்ண, என்னைச் சொல்லணும். எல்லாத்தையும் நானே எடுத்து உங்கையில குடுத்துட்டு வீட்ல போய்த் தூங்கியிருக்கேன்."

அம்சம் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "மோட்டார் ஓடற சத்தத்துல யாராவது வந்துருவாங்களோன்னு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேண்ணே. உங்க வேலைக்கு வம்பு வரும்னு நெனைக்கல. மெசேஜ் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதன்பின் மூன்று வாரம் அவர் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை. போனுக்கு ஆல்பின் அனுப்பிய பவர் பேங்கைப் பையில் போட்டுச் சுமந்தார். சாவி தொடையில் குத்திக்கொண்டே வந்தது. கதவில் எழுதியிருந்ததை ஈரத்துணியால் அழித்தார்.

மாளவிகா சும்மா இருக்கவில்லை. மேலே எழுதி, சண்டை போட்டு, பெட்டி வாங்கிய கம்பெனியின் ஆளை வரவழைத்தார். இனி வடிவத்தை மட்டும் பார்க்கக் கூடாது, விரல் போகும் வேகம், அழுத்தம், எங்கே நின்று எங்கே நடுங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று மாற்றச் சொன்னார். பதினோரு மாதப் பதிவையும் அதற்குள் ஏற்றினார்கள். முதல் நாள் சவரிராஜ் வழக்கமான எரிச்சலோடு வழக்கமான கோணல் ஆவன்னாவைப் போட்டார். பச்சை எழுத்து வந்தது.

"சரியா எழுதினா இனிமே உள்ள விடாது" என்று மாளவிகா சிரித்தார். "வேற யாராலயும் இவ்வளவு மோசமா எழுத முடியாது, சவரிராஜ்."

பாராட்டா, கிண்டலா என்று அவருக்குப் புரியவில்லை. ஜன்னல் ஓரத்தில் பாடம் சொல்லக் கூட்டம் கூடுவது நின்றது. மதகுக் கட்டைமேல் ஏறுவது மட்டும் நிற்கவில்லை. டவருக்கு எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்கள்.

சம்பாவுக்கு முறை போடும் கூட்டத்தில் சவரிராஜ் வாயைத் திறந்தார். வடக்கு வாய்க்காலில் மேட்டுக் கொல்லைகள் கொஞ்சம் இருக்கின்றன, நாற்றங்கால் நாளில் கிழக்கு முறையிலும் அவற்றுக்கு அரை மணி நேரம் விட வேண்டும் என்றார். எல்லாரும் நெய்னா முகம்மதுவைப் பார்த்தார்கள். கடைமடைக்காரர் அல்லவா, அவர் அல்லவா ஒத்துக்கொள்ள வேண்டும்.

நெய்னா முகம்மது யார் கொல்லை என்று கேட்கவில்லை. "காஞ்ச நாத்தங்காலை எங்களைவிட யாரு பாத்திருக்கா? விடட்டும்" என்றார். வெளியே வந்ததும் தோளில் கை போட்டு, "அன்னிக்கே வந்து கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டேனா?" என்றார்.

"குடுத்திருக்கமாட்டீங்க, பாய்."

அவர் யோசித்தார். "குடுத்திருக்கமாட்டேன்தான்."

புரட்டாசியில் உத்தரவு தாளில் வந்தது. நாள், நேரம், கதவின் உயரம் எல்லாம் போட்டு மாளவிகா கையெழுத்திட்டிருந்தார். சவரிராஜ் வடக்குக் கதவைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி கரையில் நின்றார். தண்ணீர் மேட்டுக்கு ஏறி, அம்சத்தின் நாற்றங்காலில் பரவ ஆரம்பித்தது. அவள் மண்வெட்டியோடு மடையில் நின்று தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அரை மணி ஆனது. அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே!" என்று கத்தினாள் அம்சம். "இன்னும் ஒரு பத்து நிமிஷம்!"

"போடி அங்கிட்டு!" என்று சவரிராஜ் கரை அதிரக் கத்திவிட்டு, கதவை இறக்க உள்ளே போனார்.